கடாரத்துக் கற்களும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோயிலை முதலில் எழுப்பி, அதனைச் சுற்றி ஊரை அமைத்துக்கொள்வது தமிழர் வழக்கம். கடல் கடந்து மலாயாவுக்கு வந்த முன்னோரும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873ஆம் ஆண்டில் தோன்றியது. பத்துமலைக் குகையில் 1891ஆம் ஆண்டில் முருகனுக்குக் கோயில் அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. இவற்றையெல்லாம் அடியார்கள் நன்கு அறிவர். பிள்ளைகளுக்குச் சொல்லியும் வளர்க்கின்றனர்.

ஆனால் இதே நாட்டில், இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோயில்கள் எழுந்தன, விளக்குகள் எரிந்தன, வழிபாடு நடந்தது என்பதைத் தம் கண்ணால் கண்டு அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தக் கோயில்களுள் ஒன்று இந்த நூற்றாண்டிலேயே மண்வாரி இயந்திரத்தின் அடியில் சிக்கி அழிந்தது என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டு வினாக்களே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

கடாரத்துக் கோயில்கள்

கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்குத் தெற்கே, மெர்போக் ஆறும் மூடா ஆறும் கடலோடு கலக்கும் நிலப்பரப்பே பூஜாங் பள்ளத்தாக்கு ஆகும். வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு ஜெராய் மலையின் உச்சி தொலைவிலிருந்தே வழிகாட்டியது. பருவக்காற்று மாறும்வரை வணிகர்கள் இங்கே தங்கினர். உள்நாட்டு மக்களும் வெளிநாட்டு வணிகரும் கூடிய துறைமுகங்கள் தோன்றின. தமிழகத்தார் கடாரம் என்று அழைத்தது இந்தக் கெடாப் பகுதியையே என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு கடாரத்தைக் குறிப்பிடுகிறது. அப்படையெடுப்பு நிகழ்ந்தது 1025ஆம் ஆண்டையொட்டி. அதற்குச் சிறிது காலம் முன்பு கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பியதையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதையும் ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கின்றன. போரும் உண்டு, நட்பும் உண்டு. கொடுத்ததும் உண்டு, கொண்டதும் உண்டு.

இப்பள்ளத்தாக்கில் இடிபாடுகள் கிடப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்தார். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆய்வாளர் தம் துணைவியார் டோரதியுடன் வந்து முப்பது இடங்களை ஆராய்ந்து, ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுத்துப் பட்டியலிட்டார். அவற்றுள் 8ஆம் எண் கொண்டது புக்கிட் பத்து பாஹாட் கோயில். அலஸ்டர் லாம்ப் என்னும் அறிஞரின் முயற்சியால் 1960ஆம் ஆண்டளவில் அது இருந்த இடத்திலேயே மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. மெர்போக்கில் 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் இன்றும் அதனைக் காணலாம்.

அந்தக் கோயிலின் அமைப்பை இங்கே கூடியிருப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை. கருவறையும் அதன் முன்னே மண்டபமும் கொண்ட அமைப்பு அது. மண்டபத் தூண்கள் மரத்தால் ஆனவை. அவை காலத்தால் மக்கிப்போயின. அவற்றைத் தாங்கிய கற்களும் கற்களில் வெட்டிய குழிகளும் எஞ்சி நிற்கின்றன. அகழ்ந்தபோது கருங்கல்லால் ஆன சிறு பெட்டிகள் கிடைத்தன. அவற்றுள் செம்புக் கலமும் மணிகளும் பொன் துணுக்குகளும் இருந்தன. கோயில் எழுப்பும்போது கருவறைக்குக் கீழே மங்கலப் பொருள்களை வைத்துப் புதைக்கும் கர்ப்பநியாசம் என்னும் சடங்கை இன்றைய குருக்கள்மார் அறிவர். இந்நாட்டின் மண்ணில் அச்சடங்குக்கு ஆயிரம் ஆண்டு வயது உண்டு என்பதற்கு அந்தக் கல்பெட்டிகளே சான்று.

இரண்டாம் முறை அழிந்த கோயில்

இப்படிப்பட்ட பள்ளத்தாக்கில் ஆய்வாளர்களின் பட்டியலில் 11ஆம் எண் பெற்ற செங்கற்கோயில் ஒன்று சுங்கை பத்து பகுதியில் இருந்தது. 2013ஆம் ஆண்டில் நில மேம்பாட்டுப் பணிக்காக அந்த இடம் துப்புரவு செய்யப்பட்டபோது அக்கோயிலின் அடித்தளமும் அகற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் செய்தி வெளிவந்தது. பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தைச் சேர்ந்த டத்தோ வி. நடராஜன் போன்றோர் குரல் எழுப்பினர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அந்த நிலம் தனியாருக்குச் சொந்தமானது, அந்த இடம் மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை என்பன போன்ற விளக்கங்கள் வெளிவந்தன.

யார் மீது குற்றம் என்று ஆராய்வது இந்த மேடையின் நோக்கமன்று. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஆய்வாளர்களின் ஏட்டில் அக்கோயிலுக்கு எண் இருந்தது. ஆயினும் மக்களின் நெஞ்சில் அதற்கு இடம் இல்லை. ஆண்டுக்கொரு முறை அங்குச் சென்று வந்த ஒரு பள்ளிக்கூடம் இருந்திருந்தால், பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு அந்தச் செங்கற்களின் வயது தெரிந்திருந்தால், மண்வாரி இயந்திரம் வந்த அன்றே ஒருவராவது ஓடிச்சென்று தடுத்திருப்பார் அல்லவா? இடிந்த பிறகு எழுந்த குரல் இடிக்கும் முன் எழவில்லை. காரணம் வெறுப்பன்று, அறியாமையே. காட்டுச்செடி மூடிய செங்கற்குவியலைக் கண்டவர்க்கு அது வெறும் செங்கற்குவியலாகவே தெரிந்தது.

மக்கள் அறியாத ஒன்றைச் சட்டம் மட்டும் காத்துவிட முடியாது. இந்நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் உண்டு. தேசிய மரபுடைமைத் துறையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் அதிகாரியை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. அந்த இடத்தில் வாழ்கின்றவனே முதற் காவலன். அவனுக்குக் கண்ணைக் கொடுப்பது கல்வி. அந்தக் கல்வியைச் சுவையாகக் கொடுப்பது விழா.

கைகளுக்கும் கல்வி உண்டு

உலக நாடுகள் பல இதனை உணர்ந்துள்ளன. ஜப்பானில் ஓரிடத்தில் அகழாய்வு நடந்தால், பணி முடிவதற்குள் ஒரு நாளைக் குறித்து ஊராரை அழைத்து, குழியின் ஓரத்தில் நிறுத்தி, கிடைத்தவற்றை ஆய்வாளர்களே விளக்குவது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் தொல்லியல் விழா நடைபெறுகிறது. சிறுவர்களுக்கென்றே தனித் தொல்லியல் மன்றங்களும் அங்கு உள்ளன. பிரான்சில் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய தொல்லியல் நாள்கள் பிற்காலத்தில் ஐரோப்பா முழுமைக்கும் பரவின. அந்நாள்களில் பிள்ளைகள் மட்பாண்டம் வனைகின்றனர், கல்லால் கருவி செய்ய முயல்கின்றனர், மணலைச் சலித்துப் பார்க்கின்றனர்.

தமிழகத்துச் செய்தியும் இதற்குத் துணை நிற்கிறது. வைகைக் கரையில் கீழடியில் 2014–15ஆம் ஆண்டுப் பருவத்தில் அகழாய்வு தொடங்கியது. பின்னர் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அப்பணியை ஏற்று நடத்தியது. 2019ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளியானபோது ஆயிரக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாகச் சென்று அகழாய்வுக் குழிகளைக் கண்டனர். பானை ஓட்டில் கீறப்பட்ட தமிழி எழுத்தைத் தந்தை தன் மகளுக்குச் சுட்டிக்காட்டிய அந்நாள்களில், தொல்லியல் என்னும் சொல் அறிஞர் அவையிலிருந்து இறங்கிப் பேருந்திலும் சந்தையிலும் பேசப்படும் சொல்லாயிற்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் வெறும் தென்னந்தோப்பாக இருந்த நிலத்தை இன்று அவ்வூராரே தம் பெருமையாகப் போற்றுகின்றனர்.

பார்த்தறிவது ஒரு படி. தொட்டுச் செய்து அறிவது அதற்கும் மேற்பட்ட படி. கோலம் போடக் கற்ற பெண்பிள்ளையைக் கேளுங்கள். புள்ளி வைத்துப் பழகிய விரல் அதனை மறப்பதில்லை. தேவாரத்தை ஏட்டில் படித்தவனைவிட ஓதுவாரோடு சேர்ந்து பாடிப் பழகியவனே அதனை நெஞ்சில் நிறுத்துகிறான். தொல்லியலும் அவ்வாறே.

காலடியில் உள்ள வரலாறு

கெடா தொலைவில் உள்ளது, கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அவர்கள் தங்கள் காலடி மண்ணையே முதலில் நோக்கலாம்.

கிள்ளானில் பழங்காலத்து வெண்கல மணிகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வெண்கலக் கலையைச் சேர்ந்த முரசும் கிள்ளானில் கிடைத்தது. 1964ஆம் ஆண்டில் கோல லங்காட் மாவட்டத்தின் கம்போங் சுங்கை லாங்கில் இரண்டு வெண்கல முரசுகள் ஒரு மரப்பலகையின் மீது வைத்துப் புதைக்கப்பட்ட நிலையில் வெளிப்பட்டன. வட வியட்நாமின் டோங் சோன் பண்பாட்டோடு தொடர்புடையவை அம்முரசுகள். கிள்ளான் ஆற்றங்கரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலகத்தோடு கைகோத்திருந்தது என்பதை அவை ஓசையின்றி முழங்குகின்றன.

இதே வட்டாரத்தில் துளையும் காம்பும் கொண்ட விந்தையான இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அவற்றைக் கண்டெடுத்த கிராமத்தார் ‘தூலாங் மாவாஸ்’, அதாவது காட்டுக் குரங்கின் எலும்பு என்று பெயரிட்டனர். கருவி என்று தெரியாமல் எலும்பு என்று எண்ணினர். செங்கற்கோயிலைச் செங்கற்குவியல் என்று எண்ணியதும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கின்றன அல்லவா?

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடின. மரமும் அத்தாப்புக் கூரையும் கொண்ட நகரம் சாம்பலாயிற்று. அதன் பின்னர் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்கள் எழுப்ப வேண்டுமென்று சிலாங்கூரின் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கெனச் செங்கற்சூளைகள் அமைந்த களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வேயில் உழைக்கத் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அந்தச் சூளை நிலத்திலேயே குடியேறினர். ‘நூறு வீடுகள்’ என்று அழைக்கப்பட்ட அவர்களின் குடியிருப்பு வரிசைகள் பின்னாளில் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் செங்கல் ஒன்றாவது எடுத்துவைக்கப்பட்டதா என்று கேட்டால் விடை கூறுவோர் அரிது.

ஆகவே தொல்லியல் என்பது மன்னர்களின் பொற்காசு மட்டுமன்று. சூளையில் சுட்ட செங்கல்லும் தொல்லியலே. தோட்டத்துக் கோயிலின் மணியும் தொல்லியலே.

ஆலயத்தில் ஒரு மரபு நாள்

ஏப்ரல் 18ஆம் நாள் நினைவுச் சின்னங்களுக்கான அனைத்துலக நாள். மே 18ஆம் நாள் அனைத்துலக அருங்காட்சியக நாள். இவ்விரண்டுள் ஒன்றையொட்டியோ, ஆண்டுத் திருவிழாவின் ஒரு பகல் பொழுதிலோ, ஒவ்வோர் ஆலயமும் பிள்ளைகளுக்கென ஒரு மரபு நாளை நடத்தலாம். பெருஞ்செலவு தேவையில்லை. திருமண மண்டபமும் ஐந்து மேசைகளும் ஆர்வமுள்ள ஆசிரியர் சிலரும் போதும்.

முதல் மேசையில் மண்தொட்டி. அகலமான தொட்டியில் வெவ்வேறு நிறமுள்ள மணலை அடுக்கடுக்காகப் பரப்பி, கீழடுக்கில் பானை ஓடுகளையும், நடு அடுக்கில் பழைய கூரை ஓட்டுத் துண்டுகளையும், மேலடுக்கில் இன்றைய இருபது காசு நாணயத்தையும் மறைத்து வைக்கலாம். நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரித்து, கரண்டியும் தூரிகையும் கொடுத்து, மெல்ல மெல்ல நீக்கச் சொல்ல வேண்டும். கலையாத மண்ணில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்னும் தொல்லியலின் முதற்பாடம் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஒரு பொருளை எடுக்குமுன் அது எந்தக் கட்டத்தில், எந்த ஆழத்தில் இருந்தது என்று எழுத வைக்க வேண்டும். எழுதாமல் எடுத்தவனுக்கு மதிப்பெண் இல்லை. இடம் குறிக்கப்படாத பொருள் முகவரி கிழிந்த கடிதத்தைப் போன்றது. படிக்கலாம், யாருடையது என்று சொல்ல இயலாது.

இரண்டாம் மேசையில் உடைந்த பானை. கடையில் வாங்கிய புதுப் பானைகளை முன்கூட்டியே உடைத்து, துண்டுகளைக் கலந்து வைக்கலாம். விளிம்பு எது, அடி எது, வளைவு எது என்று ஆராய்ந்து ஒட்டிச் சேர்க்கையில் பொறுமை என்னும் பாடமும் சேர்ந்தே வரும். ஒரு விளிம்புத் துண்டின் வளைவைக் கொண்டே முழுப் பானையின் வாய் அகலத்தைக் கணக்கிடலாம் என்று காட்டினால் கணிதத்தை வெறுக்கும் மாணவனும் கணக்குப் போடுவான்.

மூன்றாம் மேசையில் கல்வெட்டுப் படி. கல்வெட்டின் மீது ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துகளுக்குள் அழுத்தி, உலரும் நிலையில் மேலே மையை ஒற்றினால் எழுத்துகள் வெண்மையாகவும் சுற்றியுள்ள பரப்பு கருமையாகவும் தோன்றும். மைப்படி எடுத்தல் என்பது இதுவே. உண்மைக் கல்வெட்டில் பயிற்சி செய்யக் கூடாது. சிமெண்டுப் பலகையில் எழுத்துகளைப் பொறித்து அதில் செய்யலாம். தென் தாய்லாந்தின் தக்குவாப்பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளம் வெட்டப்பட்டதையும் அதன் காவல் மணிக்கிராமத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் கூறுகிறது. மணிக்கிராமம் என்பது தமிழ் வணிகர் குழு ஒன்றின் பெயர். அதிலுள்ள சில சொற்களைப் பொறித்துப் படி எடுக்கவைத்தால், கடல் கடந்து வந்தவர்கள் ஆலயம் மட்டுமன்றி ஊராருக்குத் தண்ணீரும் தந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் தம் கையாலேயே அறிந்துகொள்வர்.

நான்காம் மேசையில் செங்கல். பழைய கட்டடத்துச் செங்கல்லையும் இன்றைய செங்கல்லையும் அருகருகே வைத்து அளக்கவும் நிறுக்கவும் செய்யலாம். களிமண்ணைப் பிசைந்து சிறு அச்சில் வார்த்துப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் பெயர்க்காரணம் விரல்நுனியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் மேசை மூத்தோர் மேசை. ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளைக் கொண்டுவரலாம். தாத்தாவின் பால் வெட்டும் கத்தி, பாட்டியின் அம்மிக் குழவி, கப்பற்பயணத்தின் தகரப் பெட்டி, பழைய குடமுழுக்கு அழைப்பிதழ் என எதுவாயினும் சரி. பெரியவர் அதன் கதையைச் சொல்ல, பிள்ளை அதனை அளந்து, வரைந்து, எழுதிக்கொள்ள வேண்டும். பேரனும் பாட்டியும் ஒரு மணி நேரம் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால், அதுவே அந்நாளின் பெரும்பயன்.

அடுத்த கட்டமாக ஒரு பயணம். கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பட்டது அது. பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்குப் பேருந்துகூடத் தேவையில்லை. பினாங்குத் தண்ணீர்மலைக்கு ஆண்டுதோறும் பேருந்து அமர்த்திச் செல்லும் ஆலயங்கள் பல உண்டு. அப்பயணத்தில் அரை நாளைச் சேர்த்தால் மெர்போக் அருங்காட்சியகத்தையும் சுங்கை பத்துவின் பழைய இரும்பு உருக்குக் களத்தையும் கண்டு திரும்பலாம். இரும்புத் தாதை உருக்க ஊதுலைக்குக் காற்றுச் செலுத்திய சுடுமண் குழாய்கள் அங்கு ஏராளமாகக் கிடைத்துள்ளன.

உண்மையே பெருமை

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழமையைப் போற்றும் ஆர்வத்தில் அளவுமீறிப் பேசுவது எளிது. பூஜாங் பள்ளத்தாக்கில் சிவ வழிபாட்டுக்கும் சான்று உண்டு, பௌத்த வழிபாட்டுக்கும் சான்று உண்டு. கெடாவின் புக்கிட் சோராஸில் 2023ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வில் பௌத்தக் கட்டடமும் புத்தர் உருவங்களும் வெளிப்பட்டன. இந்தியாவிலிருந்து வந்த வணிகரின் பங்கும் அங்கு உண்டு. மண்ணை வெட்டிச் செங்கல் சுட்டு மரம் இழைத்த உள்நாட்டு மக்களின் பங்கும் அதைவிடக் குறையாமல் உண்டு. சுங்கை பத்துவின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. சில கணிப்புகள் அதனைக் கிறித்துவுக்குப் பல நூற்றாண்டு முன்னே கொண்டுசெல்கின்றன. வேறு சில அவ்வளவு பின்னே செல்லவில்லை.

இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் உள்ளது உள்ளபடியே சொல்ல வேண்டும். ‘எல்லாம் எங்களுடையதே’ என்று சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை நாளை ஓர் அறிஞர் அவையில் தலைகுனிய நேரும். ‘இது பலர் கூடிக் கட்டியது, அதில் எங்கள் முன்னோரின் கையும் இருந்தது’ என்று சான்றோடு சொல்லப் பழகிய பிள்ளை எங்கும் நிமிர்ந்து நிற்கும். மலாய், சீனக் குடும்பத்துப் பிள்ளைகளையும் மரபு நாளுக்கு அழைக்கலாம். சேர்ந்து தேடிய பொருளைச் சேர்ந்தே காப்பர். 2013ஆம் ஆண்டில் அக்கோயிலுக்காக வருந்தியோர் இந்துக்கள் மட்டும் அல்லர் என்பதை மறத்தல் ஆகாது.

திருப்பணியும் ஒரு பொறுப்பே

ஆலய நிர்வாகத்தார்க்கு இறுதியாக ஒரு விண்ணப்பம். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு வருகிறது. திருப்பணி தொடங்குகிறது. பழைய தரையோடு பெயர்க்கப்படுகிறது. எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய கல்விளக்கு ஓரம் தள்ளப்படுகிறது. நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குப் பலகை உடைந்து குப்பை வண்டியில் ஏறுகிறது. கெடாவில் மண்வாரி செய்ததைச் சில வேளைகளில் அன்பு மிகுந்த கைகளே செய்துவிடுகின்றன. புதுமையின் மீதுள்ள ஆசையில் பழமை போவது தெரிவதில்லை.

ஆகவே பாலாலயம் செய்வதற்கு முன்பே ஆலயத்தின் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, அளந்து, ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். பொருளின் பெயர், அளவு, அது இருந்த இடம், கொடுத்தவர், ஆண்டு என ஐந்து செய்திகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மரபு நாளில் பழகிய பிள்ளைகளிடமே இப்பணியை ஒப்படைக்கலாம். பழைய வரவு செலவுக் கணக்கு, பற்றுச்சீட்டு, மலர், நிழற்படம் ஆகியவற்றைக் கரையானுக்குக் கொடுக்காமல் ஒரு பேழையில் காக்கலாம். மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி அமைந்தால் அதுவே ஆலயத்தின் அருங்காட்சியகம்.

கட்டுமானத்துக்குத் தோண்டும்போது பழம்பொருள் ஏதேனும் வெளிப்பட்டால், மேலும் தோண்டுவதை நிறுத்த வேண்டும். பொருளைக் கழுவவோ பிரித்துக்கொள்ளவோ கூடாது. இருந்த இடத்தைப் படம் எடுத்து மாவட்ட அலுவலகத்துக்கோ தேசிய மரபுடைமைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிப்பது சட்டப்படியான கடமையாகும். உரிமமின்றித் தொல்லியல் அகழ்வு செய்வதற்கும் சட்டம் இடம் தருவதில்லை. ஆதலால் மண்தொட்டியில் பழகிய பிள்ளைகளிடம், ‘தேடுவது உங்கள் வேலையன்று, கண்டால் சொல்வதே உங்கள் வேலை’ என்று தெளிவாகக் கூறிவிட வேண்டும்.

மெய்யன்பர்களே, ஆலயத்தில் விளக்கேற்றுவோர் எண்ணெய் வார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. காற்றில் அணையாமல் கையை அணைவாக வைத்துக் காப்பதும் அவர்கள் வழக்கமே. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஜெராய் மலையடியில் ஒருவர் ஏற்றிய விளக்கு எப்போதோ அணைந்துபோயிற்று. அவர் நின்ற கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தக் கல்லைக் கண்டால் கல் என்று கடந்துபோகாமல், ‘இங்கே ஒருவர் நின்று கும்பிட்டார்’ என்று நின்று நோக்கும் பிள்ளைகளைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஆலயமும் உருவாக்குமாயின், இன்னொரு 2013 நேராது. அடுத்த ஆண்டுத் திருவிழாவின் நிகழ்ச்சி நிரலில் மரபு நாளுக்கென ஒரு பகல் பொழுது ஒதுக்கப்படுமானால், அதுவே இச்சொற்பொழிவின் பயன்.

எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அனைவர்க்கும் துணைநிற்பதாக.